கர்நாடக வயலினிலிருந்து பல்கலைக்கழக ஆர்கெஸ்ட்ராவுக்கு: ஆடிஷனுக்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

1. ஆதிதாளம்

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. தொடங்குகிறது. அங்கே பல்கலைக்கழக ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்க வேண்டும். கர்நாடக வயலின் 9 வருடம், மேற்கத்திய வயலின் டிரினிட்டி தேர்வில் (லண்டன் இசைத் தேர்வு, மொத்தம் 8 கிரேடு) 5-ம் கிரேடு வரை. இருப்பது ஒரே வயலின், இப்போது 5 கட்டைச் சுருதியில் (ச = ஜி) நிற்கிறது. கையில் 14 வாரம், தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியும்.

5-ம் கிரேடு போதுமா? ஆடிஷனில் என்ன கேட்பார்கள்? இதே வயலினை எடுத்துப் போகலாமா, வேறு வாங்க வேண்டுமா?

2. இரண்டாம் டெஸ்க்

முதலில் ஒரு விஷயம். "பல்கலைக்கழக ஆர்கெஸ்ட்ரா" என்று ஒன்று மட்டும் இருப்பதில்லை. பெரிய பல்கலைக்கழகங்களில் இரண்டு மூன்று அடுக்கு இருக்கும். மேலே சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. அதற்கு ஆடிஷன் உண்டு, பெரும்பாலும் 8-ம் கிரேடு அளவு வாசிப்பை எதிர்பார்ப்பார்கள். அடுத்து சின்ஃபோனியா, கன்செர்ட் ஆர்கெஸ்ட்ரா, ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ரா என்று ஏதாவது ஒரு பெயரில் இன்னொன்று. அதில் 5, 6-ம் கிரேடுக்காரர்கள் தாராளமாகச் சேரலாம். பல இடங்களில் அதற்கு ஆடிஷனே கிடையாது. கேம்பிரிட்ஜில் 1843-லிருந்து இயங்கும் மியூசிகல் சொசைட்டி போன்ற பழைய அமைப்புகளில் போட்டி கடுமை. அங்கேயும் கல்லூரிக்குக் கல்லூரி சின்ன ஆர்கெஸ்ட்ராக்கள் தனியாக உண்டு.

இங்கிலாந்தில் ஆடிஷன் எல்லாம் முதல் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். புது மாணவர் வாரத்தில் சங்கங்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும்போது நேரம் குறித்துக்கொள்வது ஒரு வழி. ஆனால் நிறைய இடங்களில் அதற்கு முன்பே இணையத்தில் படிவம் திறந்துவிடுகிறார்கள். ஆகஸ்டு நடுவிலிருந்து வாரம் ஒருமுறை அவர்கள் பக்கத்தைப் பாருங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பட்டியல் நிரம்பிவிடும்.

ஆடிஷன் 10 நிமிடம். வழக்கமாக மூன்று பகுதி: நீங்கள் தேர்ந்தெடுத்த ஒன்று அல்லது இரண்டு உருப்படி, அவர்கள் முன்கூட்டி அனுப்பும் ஆர்கெஸ்ட்ரா பகுதிகள், சைட் ரீடிங் (முன்பின் பார்க்காத தாளை அங்கேயே படித்து வாசிப்பது). பியானோ துணை இருக்காது. உங்கள் நிலைக்கு விவால்டியின் ஏ மைனர் கன்செர்ட்டோ, ஓபஸ் 3 எண் 6, முதல் பகுதி சரியாக இருக்கும். தாளம் நேராக இருக்கும், வில்லின் சுத்தம் வெளியே தெரியும். அதோடு மெதுவான உருப்படி ஒன்று, இரண்டு நிமிடத்துக்குள். கஷ்டமானதை எடுத்துத் தடுக்கி விழுவதைவிட எளிமையானதை முழுச் சுத்தமாக வாசிப்பது மேல். 14 வாரத்தில் 8-ம் கிரேடு உருப்படிக்குத் தாவ வேண்டாம்.

3. தந்திப் பட்டறை

வயலின் பற்றி நான் சொல்கிறேன். அதே வயலின் போதும். ஆனால் "பிருடையைத் திருகி மேற்கத்திய சுருதியான ஜி-டி-ஏ-ஈ வைத்துவிட்டால் சரி" என்று நினைத்துவிடாதீங்க.

5 கட்டையில் ச-ப-ச-ப என்றால் உங்க தந்திகள் ஜி, டி, ஜி, டி. கீழ் இரண்டும் ஆர்கெஸ்ட்ரா சுருதியிலேயே இருக்கு. மேல் இரண்டும் ஒரு முழு ஸ்வரம் தளர்ந்து நிற்குது. இதுவாவது பரவாயில்லை. 2 கட்டையில் வாசிக்கிறவங்களுக்கு டி, ஏ, டி, ஏ. நான்கு தந்தியும் நாலு அஞ்சு ஸ்வரம் கீழே இருக்கும். அந்த வயலினை ஒரே நாளில் மேலே ஏற்றினா பிரிட்ஜ் மீதும் மேல் பலகை மீதும் இழுவை சட்டுனு கூடிடும்.

செய்ய வேண்டிய வரிசை இது:

பழைய தந்தியை மேலே ஏற்ற வேண்டாம். தளர்வான சுருதிக்குன்னு கனமான தந்தி போட்டிருந்தா மேலே ஏற்றும்போது அறுந்துடும், அறுகாட்டாலும் சத்தம் இறுகிப்போகும். சாதாரண மீடியம் கேஜ் செயற்கை இழைத் தந்தி ஒரு செட் புதுசா வாங்குங்க. ஒவ்வொரு தந்தியா மாற்றுங்க. நாலையும் ஒரே நேரத்தில் கழற்றினா உள்ளே நிற்கிற சின்ன மரக்குச்சி, சவுண்ட் போஸ்ட், விழுந்துடும். அது பசை போட்டு ஒட்டினது இல்லை, தந்தி அழுத்தத்தில்தான் நிற்குது. விழுந்ததைத் திரும்ப நிறுத்துறது வீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை.

பிருடையைத் திருகத் திருக, தந்தி பிரிட்ஜின் தலையை ஃபிங்கர் போர்டு பக்கமா இழுத்துக்கிட்டே போகும். கவனிக்காம விட்டா பிரிட்ஜ் சாய்ந்து, வளைந்து, ஒரு நாள் படீர்னு விழும். ஒவ்வொரு தடவை சுருதி ஏற்றின பிறகும் பக்கவாட்டிலிருந்து பாருங்க. டெயில்பீஸை (தந்திகளின் கீழ் முனையைப் பிடிக்கிற துண்டு) பார்த்த பிரிட்ஜின் முகம் பலகைக்கு நேர்க்குத்தா நிற்கணும். சாய்ந்திருந்தா வயலினை மடியில் வச்சு, இரண்டு கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமா பிரிட்ஜின் இரு மேல்மூலையையும் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா பின்னால் இழுங்க. தந்தி போற பள்ளங்களில் மென்மையான பென்சிலால் தேய்ச்சுவிட்டா தந்தி வழுக்கிப் போகும், பிரிட்ஜை இழுக்காது.

பிரிட்ஜின் மேல் வளைவைக் கட்டாயம் பட்டறையில் காட்டுங்க. வளைவு தட்டையா இருந்தா ஃபோர்ட்டேயில் (சத்தமா வாசிக்கிற இடத்தில்) வில்லை அழுத்தும்போது பக்கத்துத் தந்தியும் சேர்ந்து ஒலிக்கும். ஃபிங்கர் போர்டு முனையில் தந்தி உயரம் ஈ பக்கம் சுமார் மூன்றரை மில்லிமீட்டர், ஜி பக்கம் ஐந்தரை. இதைச் சொன்னாலே வேலை தெரிஞ்சவங்க புரிஞ்சுக்குவாங்க.

இன்னொண்ணு. ஜாரு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குச் சறுக்கிப் போறது) வழுக்க விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு வாசிக்கிற பழக்கம் இருந்தா இப்பவே நிறுத்துங்க. எண்ணெய் தந்தி வழியா வில் படுற இடத்துக்கு வந்தா ரோசின் பிடிக்காது, ஆர்கெஸ்ட்ராவில் முதல் டவுன் போவே (கீழ் நோக்கி இழுக்கிற வில்) வழுக்கும். எண்ணெய் ஏறின வில் மயிரைச் சுத்தம் செய்ய முடியாது, புது மயிர்தான் போடணும். கிளம்புறதுக்கு ஒரு மாதம் முன்னால் அதையும் போட்டுட்டுப் போங்க. வெளிநாட்டில் இந்த வேலைக்குக் கூலி அதிகம்.

4. லயக்காரன்

மேலே இரண்டு பேரும் சொன்னதோடு ஒன்று. ஆடிஷன் அறையில் பெரும்பாலானவர்கள் தோற்பது சுருதியில் அல்ல, லயத்தில். ஸ்வரம் கொஞ்சம் பிசகினால் "இவரைப் பின் வரிசையில் உட்கார வைத்தால் சரியாகிவிடும்" என்று நினைப்பார்கள். காலப்பிரமாணம் ஓடினால் அந்த வரிசையையே இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று பயப்படுவார்கள்.

கர்நாடகப் பயிற்சி உள்ளவருக்கு இதில் பெரிய பலம் இருக்கிறது, ஆனால் அது தானாக வெளியே வராது. பீத்தோவன் 5-ம் சிம்பொனியின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயலின் முதல் பேஸ் வரை எல்லாத் தந்தி வாத்தியங்களும், கூடவே கிளாரினெட்டும் சேர்ந்து எடுக்கும் அந்த நான்கு ஸ்வரம். காதில் கேட்டவர்கள் "தத-த-தாம்" என்று அடியிலேயே எடுப்பார்கள், மூன்று ஸ்வரமும் திஸ்ரமாக (மூன்றின் கணக்கில்) உருண்டுவிடும். தாளைப் பாருங்கள். 2/4, ஒரு பாரில் (தாளில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடையிலான அளவு) நான்கு குவேவர் (அரை அடி ஸ்வரம்). முதல் குவேவர் ரெஸ்ட், அதாவது மௌனம். மௌனத்தில்தான் அடி விழுகிறது. மூன்று ஸ்வரமும் அதற்குப் பிறகு, சமமாக, சதுஸ்ரத்தில் (நான்கின் கணக்கில்). நம் கணக்கில் சொன்னால் அனாகத எடுப்பு. சமத்தில் தட்டிவிட்டுத் தள்ளி எடுக்கும் கீர்த்தனை எத்தனை வாசித்திருப்பீர்கள்! அதே உணர்வுதான். நடத்துநரின் கோல் கீழே விழும் கணம் உங்கள் ரெஸ்ட், ஸ்வரம் அல்ல.

பழக ஒரு வழி: எந்த உருப்படியையும் வாசிக்கும் முன் வில்லைத் தந்தியில் வைத்தபடி மனதுக்குள் ஒரு பார் முழுக்க எண்ணுங்கள். ஆடிஷனிலும் அப்படியே செய்யுங்கள். அந்த ஒரு பார் மௌனத்தை யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். காலால் தட்டுவதையும் இன்றே விடுங்கள். ஒத்திகையில் பக்கத்தில் இருப்பவருக்கு அது நடத்துநருக்கு எதிரான இன்னொரு தாளம்.

5. ஆதிதாளம்

ரொம்ப நன்றி அண்ணா, எல்லோருக்கும். தந்தி நாளைக்கே வாங்குகிறேன். சைட் ரீடிங்தான் பயமாக இருக்கிறது. 5-ம் கிரேடு தேர்வில் ஆரல் (கேட்டறியும் தேர்வு), மியூசிகல் நாலட்ஜ் (இசை அறிவுக் கேள்விகள்) இரண்டையும் எடுத்ததால் சைட் ரீடிங்கைத் தொடவே இல்லை. வாசிப்பதெல்லாம் கேட்டு மனப்பாடம் செய்துதான்.

6. இரண்டாம் டெஸ்க்

இது நிறைய பேருக்கு நடப்பதுதான். டிரினிட்டியில் 5-ம் கிரேடு வரை நான்கு துணைத் தேர்வுகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் சைட் ரீடிங் இல்லாமலே தேறிவிட முடிகிறது. ஆர்கெஸ்ட்ராவிலோ முழு வேலையும் அதுதான். முதல் ஒத்திகையில் 40 நிமிட சிம்பொனியை நிறுத்தாமல் ஒருமுறை ஓட்டுவார்கள்.

தினமும் 20 நிமிடம் இதற்கு மட்டும் ஒதுக்குங்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒருமுறை வாசித்த தாளை அன்று திரும்ப வாசிக்கக் கூடாது. காதில் ஏறிவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும். அதனால் நிறைய தாள் வேண்டும். ஐஎம்எஸ்எல்பி தளத்தில் பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் ஆர்கெஸ்ட்ரா பார்ட்டுகள் தனித்தனியாகக் கிடைக்கும். ஹைடன் சிம்பொனிகளின் இரண்டாம் வயலின் பார்ட்டுகளை இறக்குங்கள். மெலடி இருக்காது, ஊகித்து வாசிக்க முடியாது, படித்தே ஆக வேண்டும். இந்தப் பயிற்சிக்கு அதைவிட நல்லது இல்லை.

தாள் கையில் வந்ததும் 30 விநாடியில் பார்க்க வேண்டியது, இந்த வரிசையில்: தாளக் குறி, கீ சிக்னேச்சர் (வரியின் தொடக்கத்தில் உள்ள ஷார்ப், ஃப்ளாட் குறிகள்), இருப்பதிலேயே வேகமான ஸ்வரக் கூட்டம் எங்கே, இடையில் வரும் ஷார்ப் ஃப்ளாட். வேகமான அந்த இடத்தை எந்தக் காலத்தில் வாசிக்க முடியுமோ அதுதான் தொடக்கக் காலம். முதல் வரி எளிதாக இருக்கிறதே என்று விரைவாக எடுத்தவர்கள் மூன்றாம் வரியில் நிற்பார்கள். நின்று திருத்துவது பெரிய தவறு. ஸ்வரம் போனால் போகட்டும், அடுத்த பாரின் முதல் அடியில் சேர்ந்துகொள்ளுங்கள். கேட்பவர்கள் அதைத்தான் குறித்துக்கொள்வார்கள்.

7. மத்யமகாலம்

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஸ்டாஃப் நொட்டேஷனை (ஐந்து கோட்டு மேற்கத்திய இசை எழுத்தை) புதிதாக மண்டையில் ஏற்றுவதைவிட, கீ சிக்னேச்சரைப் பார்த்து ராகமாகப் பிடித்துக்கொள்வது சுலபம். ஜி மேஜர் என்றால் ஜி-யில் ஷட்ஜம் வைத்து சங்கராபரணம். ஹார்மோனிக் மைனர் என்றால் கீரவாணி. நேச்சுரல் மைனர் நடபைரவி. மெலோடிக் மைனர் ஆரோகணம் கௌரிமனோகரி. விரல் தானாகப் போகும், சுருதியும் சுத்தமாக இருக்கும். இத்தனை வருடம் உழைத்ததை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

8. லயக்காரன்

ஸ்கேல் பயிற்சிக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆடிஷனில் மூன்று ஆக்டேவ் ஸ்கேல் கேட்டால் சங்கராபரணம் தெரிந்தவருக்குப் பயமே வேண்டாம். ஆனால் உருப்படிக்குள் அது காலை வாரும்.

மொஸார்ட்டின் கே 525, எல்லோரும் அறிந்த அந்த இரவு செரனேட், ஜி மேஜர். ச-வை ஜி-யில் வைத்துத் தொடங்குகிறீர்கள். ஒரு பக்கம் போவதற்குள் சி ஷார்ப் வந்துவிடும். ஜி-யைப் பிடித்துக்கொண்டு கேட்டால் பிரதி மத்யமம், கல்யாணி. உண்மையில் நடந்தது அதுவல்ல. ஆதார ஷட்ஜமே ப-வுக்கு, அதாவது டி-க்கு, நகர்ந்துவிட்டது. அங்கே புதிதாக ஒரு சங்கராபரணம். ராகம் தானத்தில் கிரக பேதம் செய்து காட்டும்போது ஆதாரம் இடம் மாறியதுபோல் ஒரு மயக்கம் வருமே, இங்கே அது மயக்கம் அல்ல, நிஜம். சிம்பொனியின் நடுப்பகுதியில் எட்டு பாருக்கு ஒருமுறை இப்படி மாறும். ஒவ்வொரு முறையும் ச-வை இடம் மாற்றிக்கொண்டிருந்தால் கண்ணுக்கும் விரலுக்கும் இடையில் ஒரு மொழிபெயர்ப்பு நடந்துகொண்டே இருக்கும், காலம் பின்தங்கும். மூன்றாம் கோட்டுக்குக் கீழ் உள்ள இடைவெளி என்றால் ஏ தந்தி திறந்தது. இவ்வளவுதான் மண்டையில் இருக்க வேண்டும்.

கமகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சங்கராபரணம் என்று மனதில் நினைத்தாலே காந்தாரமும் மத்யமமும் தானாக அசையும். அங்கே ஸ்வரம் அசையாமல் நிற்க வேண்டும். வைப்ராட்டோ என்பது கம்பிதம் அல்ல. கம்பிதம் பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டு வரும், வைப்ராட்டோ ஒரே ஸ்வரத்துக்குள் நடக்கும் சிறு அசைவு. இதுவரை வைப்ராட்டோ பழகவில்லை என்றால் 14 வாரத்தில் அவசரமாகப் பழக வேண்டாம், நேராக வாசியுங்கள். பின் வரிசையில் சுத்தமான நேர் ஒலி யாருக்கும் உறுத்தாது. கம்பிதம் கட்டாயம் உறுத்தும்.

9. மத்யமகாலம்

ஸ்கேலுக்கு மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் படிவத்தில் கர்நாடகப் பயிற்சியைக் குறிப்பிடச் சொல்லுங்கள். 9 வருடம் தினமும் கேட்டுக் கேட்டு வாசித்த காது அது, மறைக்க வேண்டியது இல்லை.

10. இரண்டாம் டெஸ்க்

ஒப்புக்கொள்கிறேன், ஒரே வரியில் எழுதினால் போதும். கூடவே "ஸ்டாஃப் நொட்டேஷன் படிப்பேன், ஜி-டி-ஏ-ஈ சுருதி, தோளில் வைத்து வாசிப்பேன்" என்பதையும் சேர்த்துவிடுங்கள். அவர்களுக்கு எழும் சந்தேகம் இந்த மூன்றும்தான்.

தோள் என்றதும் நினைவு வந்தது. தரையில் அமர்ந்து, சுருள்தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்துப் பழகியவருக்கு இடது கை வயலினைத் தாங்க வேண்டியதே இல்லை. நாற்காலியில் அமர்ந்ததும் அந்தக் கை திடீரென்று தாங்கத் தொடங்கும், கட்டைவிரல் இறுகும், நான்காம் விரல் சுருங்கும். சோல்டர் ரெஸ்ட் போட்டு, தாடையை வைத்து, இடது கையை முழுக்கக் கீழே விட்டு 10 விநாடி இருந்து பாருங்கள். வயலின் நழுவக் கூடாது, தோளும் மேலே ஏறக் கூடாது. ஏறினால் ரெஸ்ட்டின் உயரத்தைக் கூட்டுங்கள். முதல் மூன்று வாரம் 15 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து வாசிக்க வேண்டாம். ஒத்திகை இரண்டரை, மூன்று மணி நேரம் நடக்கும் என்பதால் அந்தத் தாக்குப்பிடிப்பை மெதுவாகத்தான் கட்ட வேண்டும்.

11. சி கிளெஃப்

இதுவரை யாரும் சொல்லாததால் சொல்கிறேன்: வயோலாவுக்கு மாறுவதை யோசித்தீர்களா? பல்கலைக்கழகங்களில் வயலின்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், வயோலாவுக்கு எப்போதும் ஆள் குறைவு. முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் 16 முதல் வயலின், 14 இரண்டாம் வயலின், 12 வயோலா, 10 செல்லோ, 8 பேஸ் என்பது பெரிய கணக்கு. மாணவர் ஆர்கெஸ்ட்ராவில் அந்த 12 பல சமயம் 5, 6 ஆகிவிடும். பல இசைத்துறைகள் வயோலாவை இரவலாகவே தருகின்றன, முன்கூட்டி மின்னஞ்சலில் கேளுங்கள்.

தந்திகள் சி, ஜி, டி, ஏ. வயலினைவிட ஐந்து ஸ்வரம் கீழே, ஈ கிடையாது. வயலின் உடல் 14 அங்குலம். வயோலா பதினைந்தரையிலிருந்து பதினாறரை வரை இருக்கும், கை சிறியது என்றால் 15 கேளுங்கள். விரல்கள் அகன்று விழ வேண்டும், வில் கனம், ஒலி எழ ஒரு கணம் தாமதமாகும். அதனால் வயலினைவிடச் சற்று முன்னதாகவே வில்லைப் பிடிக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாத வயலின்காரர்கள் வயோலாவில் எப்போதும் ஒரு நூல் பின்னாலேயே இருப்பார்கள்.

படிப்பதுதான் உண்மையான வேலை. வயோலா தாளில் வரும் ஆல்டோ கிளெஃபில் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் குறி) நடுக்கோடு சி. "வயலினில் மூன்றாம் பொசிஷன்போல் நினைத்து வாசி" என்று குறுக்குவழி சொல்வார்கள், பழகாதீர்கள். ஷார்ப், ஃப்ளாட் வந்ததும் குழப்பும். கர்நாடக சுருதியின் தாழ்ந்த ஒலியில் காது பழகியவர்களுக்கு வயோலாவின் குரல் பிடித்துப்போவதைப் பார்க்கிறேன். பீத்தோவன் 5-ன் இரண்டாம் பகுதியில் வயோலாவும் செல்லோவும் சேர்ந்து அந்த ஏ ஃப்ளாட் மெலடியை எடுக்கும் இடத்தை ஒருமுறை கேளுங்கள்.

12. எண்ட்பின்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். தம்பி செல்லோவோடு அமெரிக்கா போகிறான். பொறியியல் படிப்பு. இசை மாணவன் இல்லாதவனுக்கு இடம் கிடைக்குமா? செல்லோவை எப்படிக் கொண்டுபோவது?

13. சி கிளெஃப்

கிடைக்கும். மிஷிகன் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: இசைப் பள்ளி மாணவர்களின் ஆர்கெஸ்ட்ராக்கள் தனி, மற்ற துறையினருக்கென்று கேம்பஸ் சிம்பொனி தனி, மாணவர்களே நடத்தும் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ரா இன்னொன்று. அங்கே ஆர்கெஸ்ட்ரா பெரும்பாலும் ஒரு பாடமாகவே பதிவாகும், கிரெடிட் உண்டு, வருகைப்பதிவும் உண்டு. ஆய்வகம் அதே மாலையில் விழாதபடி கால அட்டவணையை முதலிலேயே பார்க்கச் சொல்லுங்கள். ஆடிஷன் வகுப்பு தொடங்கும் முதல் வாரமே.

செல்லோவுக்கு விமானத்தில் தனி இருக்கை வாங்குவதுதான் பத்திரமான வழி. சரக்கில் போட்டால் உறுதியான ஃப்ளைட் கேஸ் வேண்டும். தந்தியைக் கொஞ்சம் தளர்த்தலாம், முழுக்கத் தளர்த்தக் கூடாது. சவுண்ட் போஸ்ட் பற்றி மேலே சொன்ன அதே காரணம். பிரிட்ஜின் இரு பக்கமும் தந்திக்கு அடியில் மென்துணி செருகி, எண்ட்பின்னை (செல்லோவின் அடியில் நீளும் ஊன்றுகோல்) உள்ளே தள்ளி இறுக்குங்கள்.

வயலின், வயோலாவுக்கு அமெரிக்காவில் 2012-ன் சட்டப்படி மேலே உள்ள பெட்டியில் இடம் இருந்தால் கேபினில் ஏற்றியாக வேண்டும். அது அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு மட்டும். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போகும் நிறுவனங்களுக்கு அவரவர் விதி. மின்னஞ்சலில் அனுமதி வாங்கி அச்செடுத்து கேஸுக்குள் வையுங்கள். பழைய வில்லின் முனையில் தந்தத் தகடு இருந்தால் அதைக் கொண்டுபோகாதீர்கள், எல்லையில் பறிமுதல் ஆகலாம். மாணவருக்கு கார்பன் ஃபைபர் வில் போதும்.

14. ஆதிதாளம்

வயோலாவைப் பற்றித் தீவிரமாக யோசிக்கிறேன். இரவல் கேட்டு எழுதிவிட்டேன். கடைசியாக ஒன்று: இடம் கிடைத்துவிட்டால் முதல் ஒத்திகையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

15. இரண்டாம் டெஸ்க்

20 நிமிடம் முன்னால் போய்விடுங்கள். மென்மையான பென்சில் இரண்டு, அழிப்பான், மியூட் (பிரிட்ஜில் பொருத்தி ஒலியை அடக்கும் சிறு துண்டு), உதிரித் தந்தி ஒரு செட். மியூட் இல்லாமல் போகாதீர்கள். "கொன் சோர்டினோ" என்று வந்தால் போட வேண்டும், "சென்ஸா" என்றால் எடுக்க வேண்டும், சில சமயம் இடையில் இரண்டு பார்தான் ரெஸ்ட் இருக்கும். தந்தியிலேயே பிரிட்ஜுக்குப் பின்னால் நிற்கும் ரப்பர் மியூட் வாங்குங்கள்.

சுருதி சேர்க்க ஓபோ என்ற குழல் வாத்தியம் ஏ கொடுக்கும். இங்கிலாந்தில் பொதுவாக 440 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் 442-ம் உண்டு. அந்த ஒலி வரும்போது யாரும் பேசக் கூடாது. உங்கள் ஏ-யை மெல்ல வாசித்துச் சேருங்கள், பிறகு டி, ஜி, ஈ. சத்தமாகச் சேர்த்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தன் தந்தியே கேட்காது.

இருவருக்கு ஒரு ஸ்டாண்ட். சபை பக்கம் இருப்பவர் வெளி ஆள், மற்றவர் உள் ஆள். ஒரே வரியில் இரண்டு ஸ்வரம் வந்து "டிவிஸி" என்று எழுதியிருந்தால் வெளி ஆள் மேலுள்ளதை, உள் ஆள் கீழுள்ளதை வாசிப்பார். பக்கம் திருப்புவது உள் ஆளின் வேலை. கீழ் வலது மூலையை முன்கூட்டியே சின்னதாக மடித்து வைத்திருங்கள். பக்கம் முடிய இரண்டு பார் இருக்கும்போது வாசிப்பதை நிறுத்தி மூலையைப் பிடியுங்கள், கடைசிப் பாரில் திருப்புங்கள். தாளை முகத்துக்குக் குறுக்கே அல்ல, அடி வழியாக, ஒரே இழுப்பில். வெளி ஆள் இடையறாமல் வாசித்துக்கொண்டே இருப்பார், உங்கள் இரண்டு பார் யாருக்கும் குறையாகத் தெரியாது. இருவருமே வாசிக்க ஆசைப்பட்டால்தான் அந்த இடத்தில் ஸ்டாண்டே மௌனமாகும்.

வில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை செக்‌ஷனின் பிரின்சிபல் (அந்த வாத்தியக் குழுவின் தலைவர்) முடிவு செய்வார். அது முன் ஸ்டாண்டிலிருந்து பின்னால் வரும். பென்சிலால் உடனே எழுதுங்கள், பேனா கூடாது, தாள் வாடகையில் வந்ததாக இருக்கும். டவுன் போவுக்குக் கீழ்ப்பக்கம் திறந்த கட்டம், அப் போவுக்கு வி வடிவம். வில்லை மாற்றும்போது சத்தமே தெரியாமல் மாற்றுவதைத்தான் நாம் கற்றிருப்போம். அங்கே பல இடங்களில் மாற்றம் கேட்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே கணத்தில். வில்லின் எந்தப் பகுதியில் வாசிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்: பியானோவில் (மெல்லிய ஒலியில்) முனைப் பக்கம், ஃபோர்ட்டேயில் கைப்பிடிப் பக்கம். முன்னால் இருப்பவர் நுனியில் நான்கு விரற்கடை வில்லில் வாசிக்கும்போது நீங்கள் முழு வில் இழுத்தால் செக்‌ஷனின் ஒலி உடைந்துவிடும்.

தொலைந்துபோனால் வில்லைத் தந்திக்கு மேலே சும்மா நகர்த்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரின் கண் எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த ரிஹர்சல் எழுத்து (இடம் குறிக்கத் தாளில் அச்சிட்ட ஏ, பி, சி), டபுள் பார் (இரட்டைக் கோடு), எல்லோரும் பிட்ஸிகாட்டோவுக்கு (விரலால் தந்தியை மீட்டுவது) மாறும் இடம், இப்படி ஒரு கம்பத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே ஏறிக்கொள்ளுங்கள். நீளமான ரெஸ்ட்டில் பாரை எண்ணுங்கள்: "ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு" என்று முதல் அடியில் பார் எண்ணைச் சொல்லி. 27 பார் ரெஸ்ட் முடிந்து நீங்கள் மட்டும் தனியாக எடுத்துவிட்டால் அந்த ஒலி அரங்கம் முழுக்கக் கேட்கும். நிச்சயமில்லை என்றால் பிரின்சிபலின் வில் தந்திக்கு வரும்வரை காத்திருங்கள்.

16. தந்திப் பட்டறை

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. நவம்பரில் அறையில் ஹீட்டர் ஓட ஆரம்பிச்சதும் காற்று காய்ந்துடும். சென்னை ஈரத்தில் இறுகிக் கிடந்த பிருடை அங்கே மரம் சுருங்கி வழுக்க ஆரம்பிக்கும். காலையில் கேஸைத் திறந்தா நாலு தந்தியும் தொய்ந்து கிடக்கும். பயந்து இறுக்கித் திருகாதீங்க. பிருடையை வெளியே இழுத்து, தேய்மான வளையத்தில் பெக் பேஸ்ட் தடவி, உள்ளே தள்ளிக்கிட்டே திருகுங்க. கேஸுக்குள் ஒரு ஈரமானி, ஒரு ஈரக்குழாய் வையுங்க. 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருக்கணும். மேல் பலகையும் பக்கப்பலகையும் சேருற ஓரத்தில் விரல் கணுவால் சுற்றித் தட்டிப் பாருங்க, எங்கேயாவது சளசளன்னு கேட்டா ஒட்டு விட்டிருக்கு. சூப்பர் கோந்து போடாம பட்டறைக்குக் கொண்டுபோங்க.

இரவல் வயோலா வந்தாலும் வாங்கின அன்னைக்கே இதையெல்லாம் பார்த்து, இருக்கிற கீறலைப் படம் எடுத்து அவங்களுக்கே அனுப்பிடுங்க.

17. ஆதிதாளம்

குறித்துக்கொண்டேன் அண்ணா. இப்போது மூன்று தந்தி மாற்றியாகிவிட்டது, ஈ மட்டும் பாக்கி. பிரிட்ஜ் ஒரு மயிரிழை முன்னால் சாய்ந்திருந்தது, பின்னால் இழுத்து நிறுத்திவிட்டேன்.